வாவியின் இரு கரைகளும் ஒரு வெட்டுப்புள்ளியும்: படுவான்கரையில் வர்த்தகப் பிரிவு படிப்பது

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு மட்டக்களப்பு வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது? நகரத்துப் பிரபல பாடசாலைகளைச் சுற்றியுள்ள குடும்பங்களில் இந்தப் பேச்சு மருத்துவமா, பொறியியலா என்பதில் தொடங்கும். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போனாலோ, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போனாலோ கேள்வியே வேறாகிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பாடசாலையில் என்ன பிரிவு இருக்கிறது, அதைப் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் இரண்டு: கலை, வர்த்தகம். கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய மூன்றும் வர்த்தகப் பிரிவின் அடிப்படைப் பாடங்கள். இவற்றில் குறைந்தது இரண்டை எடுக்கும் மாணவர், மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்ய முடியும். கணக்கீடும் பொருளியலும் கணினியும் சேர்ந்த இந்தத் தெரிவைப் பலரும், கணித, உயிரியல் பிரிவுகளுக்குப் போக முடியாத பிள்ளைகளின் ஒதுங்குமிடம் என்றே பார்க்கிறார்கள். ஆனால் போரும் கடனும் சேர்ந்து உருக்குலைத்த இந்த வாவிக்கரைச் சமூகத்துக்கு இன்று மிக அவசரமாகத் தேவைப்படும் அறிவு இந்த மூன்று பாடங்களுக்குள்தான் இருக்கிறது. அதிக செலவில்லாமல் ஊர்ப் பாடசாலையிலேயே தரமாகக் கொடுக்கக்கூடியதும் இதுவே. அப்படியிருந்தும் அது ஏன் அங்கு போய்ச் சேரவில்லை என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடசாலையின் வகையே தலைவிதி

இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி பாடசாலையில் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் இருக்கும். 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. கலையும் வர்த்தகமும் மட்டுமே. வகை 2 பாடசாலை தரம் 11 உடன் நின்றுவிடும். வகை 3 ஆரம்பப் பாடசாலை. ஒரு பிள்ளையின் திறமையோ விருப்பமோ பேசத் தொடங்கும் முன்னரே, அவளது ஊர்ப் பாடசாலைக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து அவளது தெரிவைப் பாதி முடித்துவிடுகிறது.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த மாவட்டத்தை நெடுக்காகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கம் எழுவான்கரை; வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமான மேற்குப் பக்கம் படுவான்கரை. பெரிய பாடசாலைகள், வங்கிகள், அலுவலகங்கள், தனியார் வகுப்புகள் எல்லாம் எழுவான்கரையில் குவிந்திருக்கின்றன. ஆசியாவின் முதலாவது மெதடிஸ்த பாடசாலையாக 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி நிற்பதும் அந்தப் பக்கத்தில்தான். நிறுவனக் கல்வியின் வரலாறு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு கரையில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

போர் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. படுவான்கரையின் பெரும் பகுதி நீண்ட காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2007 இல் வாகரையில் தொடங்கி குடும்பிமலை வரை இராணுவம் கைப்பற்றியபோது பல்லாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை இப்போது உயர்தரம் எழுதும் வயதில் நிற்கிறது. துப்பாக்கிச் சத்தத்தை அறியாத தலைமுறை என்று அவர்களைச் சொல்கிறோம். ஆனால் அவர்கள் படித்த வகுப்பறையின் கூரை, அவர்களது தாயின் கடன், தகப்பன் இல்லாத வீடு ஆகியவை எல்லாம் அந்தக் காலம் விட்டுச் சென்றவைதான். மண்முனையில் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை மறுகரைக்குப் போக படகுப்பாதைக்காகக் காத்து நின்றவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அடங்குவர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே இன்றும் பாதைதான் ஓடுகிறது.

விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடம் வேண்டும், இரசாயனப் பொருள்கள் வேண்டும், நான்கைந்து சிறப்புப் பாட ஆசிரியர்கள் வேண்டும். வர்த்தகப் பிரிவுக்கு வேண்டியது மூன்று நல்ல ஆசிரியர்களும் வேலை செய்யும் பத்துக் கணினிகளும்தான். ஒரு வலயம் மனம் வைத்தால் செய்து முடிக்கக்கூடிய காரியம். செய்யப்படாமல் இருப்பதற்கு, பணமில்லை என்பதை விட, இந்தப் பிரிவை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதே காரணம்.

ஒரு மாவட்டம், இரண்டு கரை

பல்கலைக்கழக அனுமதி முறை எமது மக்களுக்குப் புதிய பேச்சல்ல. 1970 களின் தரப்படுத்தல் ஒரு தலைமுறை இளைஞர்களின் அரசியலையே மாற்றியது. இன்றைய முறையில் அனுமதியின் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. மாணவரின் புள்ளிகள் இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படுகிறது.

மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த ஏற்பாடு இது. குறை எங்கே என்றால், மாவட்டத்துக்கு உள்ளே அதற்குக் கண் இல்லை. நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலையில் படித்து, மாலையில் இரண்டு தனியார் வகுப்புக்குப் போகும் மாணவியும், பொருளியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் ஒரு தவணை முழுக்கக் குறிப்புகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதிய வெல்லாவெளி மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியின் கீழ் நிற்கிறார்கள். மாவட்டம் பின்தங்கியது என்ற பெயரால் கிடைக்கும் இடத்தை, மாவட்டத்துக்குள் முந்தி நிற்பவர்கள் எடுத்துக்கொள்வதே இயல்பாக நடக்கும். அது அவர்களது பிழை அல்ல. அலகு அவ்வளவு பெரிதாக இருந்தால் விளைவு அப்படித்தான் இருக்கும்.

இதில் மழையும் சேர்ந்துகொண்டது. 2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட் மாதத்தில் நடந்து வந்தது. அது மட்டக்களப்பில் வெயில் காலம். கொரோனாவுக்குப் பின் நாட்காட்டி குழம்பி, 2024 ஆம் ஆண்டுக்கான பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கியது. அது வடகீழ்ப் பருவமழையின் உச்சம். இரண்டு நாட்களுக்குள் வெள்ளத்தால் பரீட்சை நிறுத்தப்பட்டு டிசெம்பர் 4 இல் மீண்டும் ஆரம்பித்தது. 2025 பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கியும் டித்வா புயலில் சிக்கியது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப் போயின. கிரான் பக்கத்து வீதிகள் நீரில் மூழ்கும் மாதம் எது என்பது இங்குள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். கொழும்பில் இருந்து நாட்காட்டி போடுபவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது அது ஒரு பொருட்டாக இல்லை.

கடைசியில் எண்ணிக்கைக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதும் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் தகுதி பெற்றும் வெளியே நிற்பார்கள் என்பது பரீட்சை எழுதும் முன்னரே தீர்மானமான விடயம். ஆகவே வெட்டுப்புள்ளியை எட்டும் ஒருவரை வைத்து மட்டும் ஒரு பிரிவின் பயனை அளப்பது, மீதி மூவர் இரண்டு ஆண்டுகள் படித்ததற்கு எந்த மதிப்பும் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

கொப்பி யார் கையில்?

அந்த மூவருக்கும் இந்தப் பாடங்கள் என்ன கொடுக்கும்? விடை அவர்களது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மட்டக்களப்பின் உழைப்பாளிகளின் கணக்கு எப்போதும் வேறொருவர் கொப்பியில்தான் எழுதப்பட்டு வந்தது. வயலில் போடியாரின் கொப்பி. வாவியிலும் கடலிலும் முன்பணம் கொடுக்கும் முதலாளியின் கொப்பி. ஊர்க் கடையில் கடன் கொப்பி. போருக்குப் பின் அந்த இடத்துக்கு நுண்கடன் நிறுவனங்களின் அட்டை வந்தது. வாரம் தவறாமல் மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தர் எவ்வளவு பாக்கி என்று சொல்கிறாரோ அதுவே கணக்கு. கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க வழி தெரியாது.

ஒரு எளிய உதாரணம். 50,000 ரூபா கடன், ஆண்டு வட்டி 24 வீதம், 52 வாரத் தவணை. வட்டி 12,000 ரூபா, மொத்தம் 62,000, வாரம் சுமார் 1,192 ரூபா. பார்த்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் வாரா வாரம் முதல் குறைந்துகொண்டே போகிறது. இருபத்தாறாவது வாரத்தில் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டியோ இன்னும் முழு 50,000 ரூபாவுக்கே கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின் மேல் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதம். கடன் தரும்போதே ஆவணச் செலவு, காப்புறுதி என்று 1,500 ரூபாவைப் பிடித்துக்கொண்டால் அது 50 வீதத்தைத் தாண்டிவிடும். 24 என்று சொல்லப்பட்ட எண் இருமடங்குக்கு மேல் ஆகிவிட்டது; யாரும் பொய் சொல்லவும் இல்லை.

இந்தக் கணக்கைக் காண என்ன வேண்டும்? முதலையும் வட்டியையும் பிரித்து எழுதும் கணக்கீடு வேண்டும். பணத்துக்கும் ஒரு விலை உண்டு, கடன் வாங்கும் இடத்தில் போட்டி இல்லாவிட்டால் அந்த விலை ஏறும் என்று சொல்லும் பொருளியல் வேண்டும். 52 வரிகளை ஒரு நிமிடத்தில் போட்டு, வீதத்தைக் கண்டுபிடிக்கும் விரிதாள் வேண்டும். மூன்று பாடமும் ஒரு அட்டையில் வந்து சேர்கின்றன. தரம் 13 இல் படிக்கும் மகள் தன் தாயின் கடன் அட்டையை ஒரு முறை விரிதாளில் போட்டுப் பார்த்தால், அந்த வீட்டின் அடுத்த கடன் வேறு மாதிரி இருக்கும்.

இது சின்ன விடயமில்லை. நுண்கடன் நெருக்கடி எவ்வளவு ஆழமானது என்பதற்கு, 2018 இல் அரசே இறங்கிவந்து, வரட்சியால் பாதிக்கப்பட்ட மட்டக்களப்பு உள்ளிட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களை இரத்துச் செய்ய நேர்ந்ததே சாட்சி. அதே ஆண்டு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர், சில கடன்களுக்கான வட்டி 220 வீதம் வரை சென்றதாகச் சுட்டிக்காட்டினார். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் இருந்தும் நிலை அதுதான். சட்டம் வரலாம், நிவாரணமும் வரலாம். கணக்கை வாசிக்கத் தெரியாத ஊரில் அடுத்த ஆண்டு வேறு பெயர்ப்பலகையோடு அதே கடன் வரும்.

விவசாயத்திலும் இதே கதைதான். உன்னிச்சைக் குளத்து நீரில் பெரும்போகம் செய்யும் குடும்பம் விதை, உழவு, உரம், கிருமிநாசினி எல்லாவற்றையும் எழுதி வைத்தாலும், நான்கு மாதம் தாங்கள் உழைத்த உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. அந்தக் கூலியைச் செலவில் சேர்த்தால் இலாபம் என்று நினைத்தது நட்டமாகத் தெரியவரும். பொருளியல் பாடத்தில் இதற்கு அமையச் செலவு என்று பெயர். அறுவடையோடு விற்பதா, ஒரு மாதம் வைத்திருப்பதா, கூட்டாக ஆலைக்குக் கொடுப்பதா என்ற முடிவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

பாடநூலை முந்திய பொருளாதாரம்

இந்தத் தலைமுறை மாணவர்கள் பொருளியலைப் புத்தகத்தில் படிக்கும் முன் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது வயல்களில் சேதம் நடந்து முடிந்திருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உடன்படிக்கை வந்தது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது.

பணவீக்கம், நாணய மாற்று வீதம், சென்மதி நிலுவை, மறைமுக வரி என்று பொருளியல் பாடத்தில் வரும் தலைப்புகள் இவையே. ஆனால் பல வகுப்பறைகளில் இந்த இரண்டும் சந்திப்பதில்லை. வரைவிலக்கணத்தை மனனம் செய், கடந்தகால வினாத்தாளைச் செய், புள்ளியைக் கூட்டு என்பதோடு பாடம் முடிகிறது. தன் வீட்டு அரிசிப் பானையை இரண்டு ஆண்டுகளுக்குக் காலியாக்கிய காரணிகளைத்தான் தான் படிக்கிறேன் என்று மாணவிக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

விசைப்பலகை தொடாத கணினிப் பாடம்

மூன்றாவது பாடத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடவிதானம் இலேசானதல்ல. இரும எண்கள், தருக்கச் சுற்றுகள், வலையமைப்பு, தரவுத்தளம், பைதன் மொழியில் செய்நிரலாக்கம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இறுதிப் பரீட்சை இரண்டு எழுத்து வினாத்தாள்களால் ஆனது. ஆகவே ஒரு மாணவர் ஒரு செய்நிரலையும் கணினியில் ஓட்டிப் பார்க்காமல், தாளிலேயே எழுதித் தாளிலேயே சித்தியடையலாம். ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தாலும், கணினிகள் பழுதாகித் தூசி படிந்தாலும், பெறுபேற்று அட்டை அதைக் காட்டாது.

எழுவான்கரைப் பிள்ளை இந்தக் குறையை வீட்டில் உள்ள மடிக்கணினியால் நிரப்பிக்கொள்ளும். படுவான்கரைப் பிள்ளையிடம் இருப்பது, பல சமயம் குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரு கைத்தொலைபேசி. கொரோனா காலத்து இணையவழி வகுப்புகளில் அந்த ஒரு தொலைபேசிக்கு எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பது பெற்றோருக்கு நினைவிருக்கும். கணினி இல்லாமல் கணினி படித்தவரும், கணினியோடு படித்தவரும் ஒரே சித்தியோடு வெளியே வரலாம். வேலைக்கான நேர்முகத்தில் முதல் பத்து நிமிடங்களிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதைவிட உயரமான சுவர் மொழி. பாடசாலையில் கணக்கீடு தமிழில். பல்கலைக்கழக முகாமைத்துவப் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சீமா, ஏ.சி.சி.ஏ. போன்ற பிரித்தானியத் தொழில்சார் தகைமைகள் முழுக்க ஆங்கிலத்தில். கணக்கீட்டில் ஏ எடுத்த மாணவி, அதே ஐந்தொகையை ஆங்கிலத்தில் கண்டவுடன் முதலாம் ஆண்டில் தடுமாறுவதற்குக் காரணம் கணக்கீடு தெரியாமை அல்ல. தாய்மொழியில் படிப்பது உரிமை; அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. தரம் 12 இலிருந்தே ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழக்கினால் போதும். இதற்கு அமைச்சரவைத் தீர்மானம் வேண்டியதில்லை. வகுப்பறைச் சுவரில் ஒரு பட்டியல் வேண்டும்.

படித்த பின் எங்கே?

ஒருகாலத்தில் இந்த மாவட்டத்தில் கணக்குப் படித்தவருக்கு வேலை கொடுக்கும் இடங்கள் இருந்தன. 1950 களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை அதில் பெரியது. படுவான்கரையில் மகிழடித்தீவு இறால் பண்ணை இருந்தது. 1987 ஜனவரியில் அங்கு வேலை செய்தவர்களும் ஊரவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்த நம்பிக்கையும் முடிந்தது. ஆலை போரில் நலிந்து, பிறகு பழைய நிலைக்கு வரவேயில்லை. வேலை தரும் இடங்கள் அழிந்த பின்னும் வேலைக்கான படிப்பு மட்டும் தொடர்ந்தது.

விளைவு, அரசாங்க உத்தியோகம் ஒன்றே வழி என்ற எண்ணம். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராடியது இதன் உச்சம். 2020 இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டார்கள். பொருளாதாரம் விழுந்த பின் அப்படியொரு வாசல் மீண்டும் அகலத் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பட்டம் பெறாதவர்களுக்கு மத்திய கிழக்கு. கொஞ்சம் பணம் திரட்ட முடிந்தவர்களுக்கு ஐரோப்பா. வாவிக்கரைக் கிராமங்கள் இளைஞர்கள் இல்லாத கிராமங்களாகி வருகின்றன.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை, தெரிந்தவர்கள்தான் குறைவு. ஆரையம்பதி கோவில்குளத்தில் உயர் தொழினுட்பவியல் நிறுவகம் இயங்குகிறது. 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான இந்த நிறுவகங்கள் கணக்கியல், தகவல் தொழினுட்பம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. அந்தக் கணக்கியல் டிப்ளோமாவின் பட்டச் சமநிலைக்காக 2015 ஒக்டோபர் 29 இல் கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் பொலிஸாரின் தடியடிக்கு உள்ளானதை நாடே பார்த்தது. அந்தச் சான்றிதழுக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை அம்மாணவர்கள் அடிவாங்கித்தான் நாட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏ.ஏ.ரி. தகைமையைத் தமிழ் மொழியிலேயே தொடங்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி வெளிவாரியாக நடத்தும் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் மட்டக்களப்பிலேயே உண்டு.

கணக்கையும் கணினியையும் ஒன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சாதகம் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைகளைச் செய்து கொடுக்கும் தொழில் கொழும்பில் வளர்ந்து வருகிறது. அந்த வேலைக்கு ஆலையும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம். மின்சாரமும் இணையமும் ஆங்கிலமும் பயிற்சியும் போதும். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகள், இளைஞர்களை ஒன்றுசேர்த்தால் கொழும்புக்கு வெளியிலும் கணினித் துறை வளர முடியும் என்று காட்டின. அந்த வாய்ப்பைப் படுவான்கரை வரை கொண்டுபோக வேண்டியது பாடசாலையின் வேலை.

கணக்கு வைத்திருக்கும் சமூகம்

இந்தப் பாடங்களின் பயன் வேலையோடு முடிவதில்லை. ஊடகத்துறையில் இருப்பவள் என்ற முறையில் நான் அன்றாடம் காண்பது ஒன்றுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின், முன்பு மூடியிருந்த பல ஆவணங்களைக் கேட்டுப் பெற முடிகிறது. ஆனால் பதில் வருவது பெரும்பாலும் எண்களின் அட்டவணையாக. அதில் எந்த வரி பொய், எந்தச் செலவு இரண்டு தரம் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கும் ஆட்கள் ஊரில் குறைவு. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6 இல் மீண்டும் தேர்தல் நடந்தது. இப்போது பிரதேச சபைகள் வரவு செலவுத்திட்டம் போடுகின்றன. எமது வீதிக்கு எவ்வளவு, வடிகானுக்கு எவ்வளவு என்று அந்தப் புத்தகத்தைத் திறந்து கேட்கக்கூடிய பத்து இளைஞர்கள் ஒரு பிரதேசத்தில் இருந்தால் சபையின் பேச்சே மாறும்.

போரின் நினைவைப் பேணுவதிலும் கணக்குக்கு இடமுண்டு. 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த எண்ணை எவராலும் குறைத்துச் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், அது வெறும் மதிப்பீடாக நில்லாமல் பெயர்ப்பட்டியலாக நிற்பது. எழுதி வைக்கப்படாத எத்தனையோ ஊர்களின் இழப்பு இன்று ‘பலர்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது. இழந்த காணிக்கு உறுதி இல்லை, எரிந்த வீட்டுக்கு மதிப்பீடு இல்லை, காணாமல் போனவருக்கு ஆவணம் இல்லை என்று அலுவலகம் அலுவலகமாகத் திருப்பி அனுப்பப்படும் மக்களுக்கு, பதிவு என்றால் என்ன என்பதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. அந்த வளாகத்தில்தான் இன்று எமது பிள்ளைகள் வணிகமும் முகாமைத்துவமும் படிக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

இதையெல்லாம் சரிசெய்ய மாகாண சபைத் தேர்தல் வரும் வரையோ, கொழும்பில் புதிய கல்விச் சீர்திருத்தம் முடியும் வரையோ காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்களில் உயர்தர வர்த்தகப் பிரிவுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் கணக்கீடு, பொருளியல், கணினி ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்பதை வலயக் கல்வி அலுவலகங்கள் ஒவ்வொரு தவணையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பதிலாள் வராமல் உயர்தர ஆசிரியரை இடமாற்றக் கூடாது என்ற விதி உறுதியாக நடைமுறைக்கு வர வேண்டும். வெற்றிடம் எங்கே என்று தெரிந்தால்தான் பெற்றோர் கேட்க முடியும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி ஆய்வுகூடம் சாத்தியமில்லாத இடத்தில், நான்கைந்து பாடசாலைகளுக்கு ஒரு பொதுக் கணினி நிலையத்தைச் சனிக்கிழமைகளிலும் திறந்து வைக்கலாம். புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டட நுழைவாயிலுக்கும் வளைவுக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, கணினி திருத்துபவரின் மாதச் சம்பளத்துக்குப் போனால் அதன் பயன் அதிகம்.

மூன்றாவது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ மாணவர்கள் தங்கள் களப்பயிற்சியின் ஒரு பகுதியை மீனவர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் செய்யலாம். சங்கத்துக்குச் சரியான கணக்கு கிடைக்கும்; மாணவருக்கு அனுபவம் கிடைக்கும்.

நான்காவது பெற்றோருக்கானது. வர்த்தகப் பிரிவுக்குப் போகும் பிள்ளையை, வேறு வழியில்லாமல் போனவள் என்று சொல்ல வேண்டாம். மூன்றாவது பாடமாகக் கணினியை எடுப்பதென்றால், படிப்பிக்க ஆசிரியரும் தொட்டுப் பழகக் கணினியும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அவள் முதல் தவணை முடிந்து வரும்போது வீட்டுக் கடன் அட்டையை அவள் கையில் கொடுத்து, இந்த வட்டி எவ்வளவு என்று பார்த்துச் சொல் என்று கேளுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடன் அட்டையும் நெல் விற்ற துண்டும் பிரதேச சபையின் வரவு செலவுப் புத்தகமும் ஒவ்வொரு ஆண்டும் வந்துகொண்டேயிருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்த பிள்ளை படுவான்கரையில் வீட்டுக்கு ஒருவர் என்று உருவாகும் நாளில், பல தலைமுறைகளாக அடுத்தவர் கையில் இருந்த கொப்பி சொந்தக் கைக்கு வரும்.